பரணிலிருந்து இறங்கிய ப்ரீஆம்ப்

சென்ற இதழில் பழைய வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயர்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். ரெக்கார்ட் ப்ளேயர் போன்றவற்றின் சிக்னலைத் தூக்கி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்குக் கொடுப்பது ப்ரீஆம்ப். வால்வு என்பது ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய், உள்ளே ஹீட்டர் சூடானால்தான் வேலை செய்யும். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுக்க ப்ரீஆம்ப்தான்.

எங்கள் பெரியப்பா 1960-களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் படித்தபோது கிட் வாங்கித் தன் கையால் அசெம்பிள் செய்த டைனகோ பாஸ்-3எக்ஸ் ப்ரீஆம்ப், அவர் காலமான பிறகு பரணில் வேட்டியில் சுற்றியபடி கிடைத்தது. நாற்பது வருடமாவது ஓடாமல் இருந்திருக்கும். அப்படியே ப்ளக்கில் சொருகிப் பார்க்கலாமா? (திருச்சி வாசகர்)

சொருகாதீர்கள். அது அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த செட். நம் வீட்டு 230 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதில் இருப்பதிலேயே மாற்றுக் கிடைக்கச் சிரமமான பாகமும் அதுதான். ஒரு ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். செட் இழுப்பதே 20 வாட் அளவுதான், ஆகவே 100 வாட் ஸ்டெப்-டவுன் தாராளம். 110 வோல்ட் கொடுங்கள், 120 வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடவே சூடாகும், வோல்டேஜ் குறைந்தால் அந்தச் சூடும் குறையும்.

ஸ்டெப்-டவுன் வந்த பிறகும் உடனே போடக்கூடாது. முதலில் மேல்மூடியைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் அரை மணி நேரம் பாருங்கள், ஏனென்றால் கிட்டாக வாங்கிப் பூட்டிய செட்டில் பாகங்களின் வயசோடு பூட்டியவரின் கையும் சேர்ந்து இருக்கிறது. டேவிட் ஹாஃப்லரும் எட் லாரென்டும் 1955-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரம்பித்தது டைனகோ. கையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த எவரும் நல்ல ஸ்டீரியோ செட் செய்துகொள்ள முடியும் என்பதுதான் அவர்கள் வியாபாரமே. கூட வரும் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு வெற்று அடைப்புக்குறி இருக்கும், முடித்ததும் டிக் போட வேண்டும். பற்றவைக்க வேண்டிய இடத்தில் எஸ் என்ற எழுத்து இருக்கும், அது இல்லாத இடத்தில் ஒயரை மாட்டி மட்டும் வைக்க வேண்டும், இன்னொரு ஒயர் அங்கே வரப்போகிறது என்று அர்த்தம். ஒரு நண்பர் கொண்டுவந்த பாஸ்-3 ஒன்றில் இடது பக்கம் வரவே இல்லை. வால்வு மாற்றிப் பார்த்தேன், கெபாசிட்டர் அளந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அவரிடமிருந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு பென்சில் டிக்குகளின் வரிசையிலேயே ஒவ்வொரு இணைப்பாகப் போனேன். செலக்டர் சுவிட்ச்சில் ஒரு காதில் (ஒயர் பற்றவைக்கும் சின்னத் தகடு) ஒயர் அழகாக வளைத்து மாட்டியிருந்தது, டிக்கும் இருந்தது, ஈயம் மட்டும் இல்லை. ஐம்பது வருடமாக வெறும் தொடுகையில் ஓடியிருக்கிறது, செம்பு கறுத்துப்போன பிறகு நின்றுவிட்டது. பெரியப்பாவின் புத்தகத்தை எந்தப் பெட்டியிலாவது தேடுங்கள். சர்க்யூட் படம் இணையத்திலும் கிடைக்கும், ஆனால் அவர் போட்ட டிக் கிடைக்காது.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், இரண்டு பிரிண்டட் போர்டு. பிசி-5 ரெக்கார்ட் ப்ளேயரின் மெல்லிய சிக்னலைத் தூக்கிவிடுவதற்கு, பிசி-6 அதற்கடுத்த டோன் மற்றும் வெளியீட்டு நிலைக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வு, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. ஐந்தாவதாக நிற்கும் சின்ன வால்வு 12எக்ஸ்4, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயர். பெயரில் எக்ஸ் ஒட்டிக்கொண்ட மாடலில், டோன் குமிழ்களை நடுவில் வைத்தால் அந்தச் சர்க்யூட்டே வழியிலிருந்து விலகிவிடும். நல்ல ஏற்பாடு.

இதில் வயதாவது சில பாகங்கள்தான். முதலாவது செலினியம் ரெக்டிஃபயர், தகடுகளை அடுக்கியதுபோல் இருக்கும். வால்வுகளின் ஹீட்டருக்கு டிசி கொடுப்பது அதன் வேலை. ஓடாமல் கிடந்தாலும் அதற்கு மூப்பு உண்டு, உள் தடை ஏறிக்கொண்டே போய் ஹீட்டர் வோல்டேஜ் இறங்கிவிடும். எரிந்தாலோ வரும் நாற்றம் மறக்காது, அது விஷப்புகை, ஜன்னலைத் திறந்து வெளியே போய்விட வேண்டும். ஓடுகிறதோ இல்லையோ அதை எடுத்துவிட்டுச் சாதாரண சிலிக்கான் டயோடு போடுங்கள். ஆனால் சிலிக்கானில் இழப்பு குறைவு, ஆகவே வோல்டேஜ் கூடிவிடும். ஒரு வயர்-வவுண்ட் ரெசிஸ்டரை வரிசையில் போட்டு, ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7-இன் ஹீட்டருக்கும் 12.6 வோல்ட் அருகில் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தே மதிப்பை முடிவுசெய்யுங்கள். வேறு யாரோ அவர் செட்டுக்குப் போட்ட மதிப்பு உங்கள் செட்டுக்குச் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, அலுமினிய டப்பாவாக நிற்கும் பில்டர் கண்டன்சர், அதாவது டிசியைச் சமன்செய்யும் கெபாசிட்டர். ஒரே டப்பாவுக்குள் பல கண்டன்சர். நாற்பது வருடம் சும்மா கிடந்ததை மெதுவாக வோல்டேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்று சிலர் டிம்மர்ஸ்டாட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வால்வு ரெக்டிஃபயர் இருக்கும் செட்டில் அது நினைத்த மாதிரி நடக்காது, ஏனென்றால் 12எக்ஸ்4-இன் ஹீட்டர் சூடாகும்வரை டிசியே வராது, சூடானதும் ஒரேயடியாக வரும். உயிர்ப்பித்தாலும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. புதிது போட்டுவிடுவதே மேல். மூன்றாவது, மின் ஒயர். ரப்பர் விறைத்து வெடித்திருக்கும், இரண்டு முள் ப்ளக்காக இருக்கும். மூன்று முள் ஒயர் போட்டு எர்த்தைச் சேஸியில், அதாவது செட்டின் உலோக உடம்பில், திருகுங்கள், ஃப்யூஸும் சரிபாருங்கள்.

இத்தனையும் முடித்த பிறகு சீரிஸ் போர்டில் போடுங்கள், அதாவது மின்சாரம் ஒரு பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி. 60 வாட் குண்டு பல்பு, ஸ்டெப்-டவுனுக்கு முன்னால், 230 வோல்ட் பக்கம். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். ஓடும் செட்டுக்குள் 300 வோல்ட் அளவு டிசி இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட்டட் க்ளிப்பில் பிடித்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கை வையுங்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம்.

என் பாஸ்-3-க்கு 12எக்ஸ்4 கிடைக்கவில்லை. ரேடியோக் கடைக்காரர் 6எக்ஸ்4 கொடுத்து 'அதேதான், போடுங்க' என்கிறார். போடலாமா? (சேலம் வாசகர்)

போடக்கூடாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே ஏழு கால், உள்ளே வேலையும் ஒன்றுதான். ஆனால் 6எக்ஸ்4-இன் ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்கு, உங்கள் சாக்கெட்டில் வருவது அதற்கு ஏறக்குறைய இரட்டிப்பு. போட்ட சில நொடியில் எரிந்துவிடும். இதேபோல் 12ஏஎக்ஸ்7 இடத்தில் 12ஏயு7 பொருந்தும், எரியாது, ஆனால் பெருக்கம் 100 இருக்க வேண்டிய இடத்தில் 20 கூட இருக்காது, போனோவில், அதாவது ரெக்கார்ட் ப்ளேயருக்கான பகுதியில், சத்தமும் போய் ரெக்கார்டின் சமநிலையும் போய்விடும். இசிசி83 என்று போட்டிருந்தால் பயமில்லாமல் போடுங்கள், அது 12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பியப் பெயர். இன்றைக்கும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் புதிதாகத் தயாராகி வருகிறது, பழையதைத்தான் போட வேண்டும் என்று அலைய வேண்டாம்.

வால்யூம் திருகினால் கரகரவென்று சத்தம். கடையில் கொடுத்தேன், எண்ணெய் மாதிரி எதையோ அடித்துக் கொடுத்தார்கள், ஒரு வாரம் நன்றாக இருந்தது, இப்போது முன்னைவிட மோசம். கன்ட்ரோலையே மாற்றிவிட வேண்டுமா? (மதுரை வாசகர்)

பொறுங்கள். இது பலரும் ஏமாறுகிற இடம். கரகரப்பு வருவது வால்யூம் கன்ட்ரோலிலிருந்து, ஆனால் காரணம் அங்கே இருக்க வேண்டும் என்று இல்லை. அதற்கு முன்னால் ஒரு கப்ளிங் கெபாசிட்டர் இருக்கிறது. வால்வின் ப்ளேட்டில் நிற்கும் நூற்றுக்கணக்கான வோல்ட் டிசியைத் தடுத்து, சிக்னலை மட்டும் விடுவது அதன் வேலை. வயதானால் அது கசியும். கசிந்த டிசி வால்யூம் கன்ட்ரோலின் கார்பன் தடத்தில் நிற்கும்போது, குமிழைத் திருப்புகிற ஒவ்வொரு முறையும் கரகர. துடைத்தாலும் மாற்றினாலும் இது போகாது, புது கன்ட்ரோலும் கொஞ்ச நாளில் அதே பாட்டைப் பாடும்.

செட்டை ஓடவிட்டு, சிக்னல் எதுவும் கொடுக்காமல், கன்ட்ரோலின் இரண்டு முனைக்கும் நடுவில் டிஜிட்டல் மீட்டரில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். சில மில்லிவோல்ட் என்றால் அழுக்குதான். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் கெபாசிட்டரை மாற்ற வேண்டும். 400 வோல்ட்டுக்குக் குறையாத பாலிப்ராப்பிலீன் கெபாசிட்டர், அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், போதும். விலையுயர்ந்த பெயர் போட்டவற்றைத் தேட வேண்டாம், பணம் மிச்சமானால் இரண்டு ரெக்கார்ட் வாங்குங்கள்.

அழுக்குதான் என்றால் எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு, அணைத்த செட்டில், ஒரு முப்பது தடவை முழுக்கத் திருப்பிவிடுங்கள். வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் கடையில் அடித்தது அந்த வகையாகத்தான் இருக்க வேண்டும், முதலில் அதைக் கழுவி எடுங்கள். இந்த செட்டில் வால்யூம் கன்ட்ரோலுக்கு லவுட்னஸுக்காக (சத்தம் குறைவாக வைக்கும்போது கீழ்ஸ்தாயியைத் தூக்கிவிடுவது) ஒரு கூடுதல் இணைப்பு முனை உண்டு. அப்படியே பொருந்துகிற மாற்று சுலபத்தில் கிடைக்காது, ஆகவே இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள்.

மெக்கானிக் ஒருவர், உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புது போர்டு போட்டால் 'இன்னும் க்ளியரா' இருக்கும் என்கிறார். செய்யலாமா? (கோவை வாசகர்)

அவர் சொல்வது பொய்யில்லை, இந்த ப்ரீஆம்ப்புக்குப் புது டிசைன் போர்டுகள் வருகின்றன, மீட்டரில் அளந்தால் நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அதைப் போட்டால் உங்களிடம் மிஞ்சுவது பழைய முகப்பும் ட்ரான்ஸ்ஃபார்மரும் மட்டும். புது ப்ரீஆம்ப்தான் வேண்டும் என்றால் புதிதே வாங்கலாமே. என் வழி வேறு: கெட்டதை மட்டும் எடு, மற்றதைத் தொடாதே. ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக, ஒரு காலைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் வருடம் ஆக ஆக மேலே ஏறும். போட்டிருக்கும் மதிப்பிலிருந்து இருபது சதவீதம் தாண்டியவற்றை மாற்றட்டும்.

போனோ போர்டில் மட்டும் இன்னும் கண்டிப்பாக இருங்கள். ரெக்கார்ட் வெட்டும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்து மேல்ஸ்தாயியைத் தூக்கி வெட்டுகிறார்கள், ப்ரீஆம்ப் அதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். ஆர்ஐஏஏ என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். 1000 ஹெர்ட்ஸை வைத்துப் பார்த்தால் 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபல் தூக்கி, 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் இறக்க வேண்டும். இதைச் செய்வது நாலைந்து சின்ன பாகங்கள்தான். அவற்றில் ஒன்று இடது பக்கம் விலகி வலது பக்கம் சரியாக இருந்தால், வயலின் ஒரு இடத்தில் நிற்காமல் சுருதிக்குச் சுருதி நகர்வதுபோல் இருக்கும். இரண்டு பக்கத்திலும் ஒரே மதிப்பை அளந்து ஜோடி சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் செலவழிக்கிற மெக்கானிக் உங்களுக்குக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

பாஸ்-3-ஐச் சரிசெய்து, சின்ன க்ளாஸ்-டி பவர் ஆம்ப் போர்டில் இணைத்தேன். பாடுகிறது, ஆனால் மிருதங்கத்தில் தொப்பி (கீழ்ஸ்தாயிப் பக்கம்) சத்தமே இல்லை. வால்வு செட் என்றால் இப்படித்தானா? (தஞ்சாவூர் வாசகர்)

இல்லை ஐயா, வால்வின் மேல் பழி போடாதீர்கள். இணைப்பில்தான் பொருத்தம் இல்லை. இந்த ப்ரீஆம்ப் பிறந்த காலத்தில் பவர் ஆம்ப்பும் வால்வுதான், அதே கம்பெனியின் ஸ்டீரியோ 70 போல. அவற்றின் உள்ளீட்டுத் தடை சில லட்சம் ஓம். இன்றைய சின்னப் போர்டுகளில் 10,000 அல்லது 20,000 ஓம்தான். ப்ரீஆம்ப்பின் வெளியே ஒரு கெபாசிட்டர் இருக்கிறது அல்லவா, அதுவும் அடுத்த செட்டின் உள்ளீட்டுத் தடையும் சேர்ந்துதான் எந்த ஸ்தாயிக்குக் கீழே சத்தம் வெட்டுப்படும் என்று முடிவுசெய்கின்றன. கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 10,000 ஓம் என்றால் 160 ஹெர்ட்ஸிலிருந்தே இறங்க ஆரம்பித்துவிடும், தொப்பியின் கனம் முழுக்க அதற்குக் கீழேதான் இருக்கிறது. அதே கெபாசிட்டருக்கு எதிரே ஒரு லட்சம் ஓம் வைத்தால் 16 ஹெர்ட்ஸ், கவலையே இல்லை.

அப்படியானால் கெபாசிட்டரைப் பெரிதாக்கிவிடலாமே என்று தோன்றும். பாதிதான் சரியாகும். 12ஏஎக்ஸ்7 மிகக் கொஞ்சம் கரண்ட் கொடுக்கிற வால்வு, 10,000 ஓமை இழுக்கச் சொன்னால் திணறும், சத்தத்தில் ஒரு கடுப்பு வரும். ஒரு லட்சம் ஓமோ அதற்கு மேலோ உள்ளீடு உள்ள பவர் ஆம்ப்பைப் பாருங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு எஃப்இடி பஃபர் போடுங்கள், ப்ரீஆம்ப்பின் மேல் சுமை விழாமல் தாங்கிக்கொள்ளும் சின்ன ட்ரான்சிஸ்டர் சர்க்யூட்தான். இணைக்கும் ஒயரும் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம், நீளம் கூடினால் மேல்ஸ்தாயி மங்கும்.

ரெக்கார்ட் போட்டால் 'உம்ம்' என்று ஒரு சத்தம் பின்னாலேயே இருக்கிறது. (விழுப்புரம் வாசகர்)

டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ப்ரீஆம்ப்பின் சேஸி ஸ்க்ரூவில் இறுக்கினீர்களா? முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். போகவில்லை என்றால் ப்ரீஆம்ப்பை பவர் ஆம்ப்பின் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள். ஸ்டெப்-டவுனையும்தான், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உம்ம் ஒரு பக்கம் மட்டும் என்றால், செட்டை அணைத்து ஆறவிட்டு, அந்தப் போர்டின் இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் பாருங்கள், சத்தமும் பக்கம் மாறினால் வால்வுதான் குற்றவாளி. பென்சிலால் வால்வை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்தாலும் அப்படியே.

எங்கள் வீட்டில் பழைய போர்ட்டபிள் ரெக்கார்ட் ப்ளேயரும், நிறைய பழைய சினிமாப் பாட்டு ரெக்கார்டுகளும் இருக்கின்றன. இந்த மாதிரி ப்ரீஆம்ப்பில் போனோவில் கொடுத்தால் காது கிழிகிறது. (யாழ்ப்பாண வாசகர்)

அந்த ப்ளேயரில் இருப்பது பெரும்பாலும் செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவைச் சிக்னலாக்கும் பாகம். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தருகிறது, போனோ வாசல் எதிர்பார்ப்பது காந்த கார்ட்ரிட்ஜின் நாலைந்து மில்லிவோல்ட். காது கிழியாமல் என்ன செய்யும். ஆக்ஸ் வாசலில், அதாவது போனோ போர்டு வழியாகப் போகாத வாசலில், கொடுத்துப் பாருங்கள், கீழ்ஸ்தாயி மெலிந்தால் கார்ட்ரிட்ஜுக்கு எதிரே அதிகத் தடை வேண்டும் என்று அர்த்தம், பத்து லட்சம் ஓம் அளவுக்கு.

ஆனால் அக்கா, அந்த ரெக்கார்டுகளின் மேல் ஆசை இருந்தால் காந்த கார்ட்ரிட்ஜ் உள்ள டர்ன்டேபிளுக்கு மாறிவிடுங்கள், பழைய ஊசியின் பாரம் பள்ளத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை மோனோ. மோனோ ரெக்கார்டில் பாட்டு முழுக்க ஊசியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது, மேலும் கீழும் அசைவதில் தூசியும் கீறலும் மட்டும். இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்த்தால் அந்த மேல்-கீழ் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மோனோ சுவிட்ச் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் சேர்க்கும் ஒரு ஒய் ஒயர் போதும். முதல் முறை கேட்கும்போது, மழை நின்ற மாதிரி இருக்கும், பாட்டு மட்டும் நிற்கும். 78 சுழற்சித் தட்டுகளும் இருந்தால் அதற்கு ஊசியே வேறு, எல்பி ஊசியைவிட மூன்று நாலு மடங்கு அகலம். எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள்.

டொரொன்டோவில் ஒரு பாஸ்-3 விலைக்கு வருகிறது. 'ஓடுகிறது, எதையும் தொடவில்லை' என்கிறார் விற்பவர். (டொரொன்டோ வாசகர்)

உங்களுக்கு 120 வோல்ட்டே வருவதால் ஒரு தலைவலி குறைவு. எதையும் தொடவில்லை என்பதை நான் நல்லதாக எடுத்துக்கொள்வேன், ஆனால் மேலே சொன்ன செலினியமும் கண்டன்சரும் இன்னும் பழையது என்று சேர்த்துப் படித்து விலை பேசுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் மெழுகு உருகி வழிந்திருக்கிறதா, போர்டுகளில் வால்வு சாக்கெட்டைச் சுற்றிக் கருகியிருக்கிறதா, செலக்டர் சுவிட்ச் எல்லா நிலையிலும் இரண்டு பக்கமும் பிடிக்கிறதா, இந்த மூன்றும் சரியாக இருந்தால் வாங்குங்கள். மற்றது எல்லாம் கைவேலை.

தினமும் கேட்கிறோம். வால்வு தேய்ந்துவிடும் என்று சீக்கிரம் சீக்கிரம் அணைத்துவிடுகிறேன். சரியா? (நாகர்கோவில் வாசகர்)

ஒரு நாளில் பத்து தடவை போட்டு அணைப்பதுதான் வால்வுக்குக் கெடுதல், இரண்டு மணி நேரம் தொடர்ந்து பாடுவது ஒன்றும் செய்யாது. ப்ரீஆம்ப்பில் இருக்கும் சின்ன வால்வுகள் பவர் வால்வுகள் மாதிரி உழைப்பதில்லை, ஹீட்டர் வோல்டேஜ் சரியாக இருந்தால் வருடக்கணக்கில் வரும். ராத்திரி முழுக்கப் போட்டு வைக்காதீர்கள், அவ்வளவுதான். போடும்போது ப்ரீஆம்ப் முதலில், அரை நிமிடம் கழித்து பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். வரிசை மாறினால் ஸ்பீக்கரில் 'டொம்' என்று ஒரு அடி விழும், அதை ஸ்பீக்கர் அதிக நாள் தாங்காது. அப்புறம், செட்டின் தலையில் துணி விரிக்காதீர்கள். மேல்மூடியில் இருக்கும் துளைகள் காற்றுப் போக வைத்தவை.